சொந்த நாடு சரியும்போது: இலங்கைத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2022 நெருக்கடிக்குப் பிறகு வடக்கு, கிழக்கு, மலையகத்தில் இருப்பவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சில மனம் சம்பந்தப்பட்டவை, சில காசு சம்பந்தப்பட்டவை. ஒன்றை விட்டு மற்றதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

நாடு வங்குரோத்து என்று கேட்டபோது உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. அது தவறா?

தவறில்லை. ஒளிக்கவும் வேண்டாம். 1990 முதல் வடக்கில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவருக்கு அந்த உணர்ச்சி வராவிட்டால்தான் ஆச்சரியம். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம்கூடத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரியைக் கம்பியில் நிறுத்திக் கொளுத்திய விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. மோட்டார் சைக்கிளுக்கு நாலைந்து துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பனங்களியில் உடுப்புத் தோய்த்தார்கள். தெற்கில் பெரும்பாலானோருக்கு இது தெரியவே தெரியாது. 2022இல் கொழும்பு 13 மணிநேர மின்வெட்டில் இருந்தபோது, "இப்பவாவது விளங்கட்டும்" என்று தோன்றியது அதனால்தான்.

அந்த வசனத்துக்குள் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. ஒன்று, நாங்கள் பட்டதை அவர்கள் அறிய வேண்டும் என்பது. அது நியாயமான கோரிக்கை, விடவே தேவையில்லை. மற்றது, அவர்களும் பட வேண்டும் என்பது. அந்த ஆசை நிறைவேறியபோது கூடவே பட்டது யாழ்ப்பாணத்தில் பிரஷர் குளிசை கிடைக்காமல் அலைந்த அம்மாதான். கோபமும் கவலையும் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு வருவது இயல்பு. உணர்ச்சி உங்களுடையது, இருக்கட்டும். காசு முடிவை மட்டும் அதனிடம் கொடுத்துவிடாதீர்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைப் பற்றியவைதான்.

2022இல் உண்மையில் நடந்தது என்ன?

டொலர் தீர்ந்தது. வரிசைகளும் இருட்டும் அதன் விளைவுதான். 2007இல் இலங்கை முதல் சர்வதேச முறியை, அதாவது வெளிநாட்டு முதலீட்டாளருக்கு விற்கும் கடன் பத்திரத்தை, 500 மில்லியன் டொலருக்கு விற்றது. போர் முடிந்த பிறகு அந்தக் கடன் வேகமாகக் கூடியது. வட்டி அதிகம், தவணை குறைவு. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் சுற்றுலாவை முடக்கியது. அந்த வருட டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள், வேறு சில வரிகளையும் நீக்கினார்கள். பிறகு கொவிட் வந்தது. வரி வருமானம் விழுந்ததால் கடன் தரமதிப்பீடு இறங்கியது, புதிய முறி விற்க முடியவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள். நவம்பரில் அதை நீக்கியபோது பெரும்போகத்துக்கான சேதம் நடந்து முடிந்திருந்தது. இத்தனைக்கும் நடுவே டொலரை 203 ரூபாவில் கட்டி வைத்தார்கள்.

2022 ஜனவரி 18 அன்று 500 மில்லியன் டொலர் முறி ஒன்று முழுதாகத் திருப்பிக் கட்டப்பட்டது. சில வாரங்களில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லை. அந்தக் கொடுப்பனவை நாங்கள் இன்றும் மன்னிக்கத் தயாராக இல்லை. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. ஏப்ரல் 18இல் கட்ட வேண்டிய 78 மில்லியன் டொலர் வட்டிக்கு 30 நாள் சலுகைக் காலம் இருந்தது. அது மே 18இல் முடிந்தது. சுதந்திரத்துக்குப் பின் நாடு கடன் தவறியது அதுவே முதல் தடவை.

"எங்களை அழித்த பாவம்தான் நாட்டைத் தின்றது" என்று ஊரில் சொல்கிறார்கள். சரியா?

போருக்கு இதில் பங்கு உண்டு. போர்க்காலக் கடனும், போர் முடிந்து 13 ஆண்டுகளுக்குப் பின்னும் குறையாத இராணுவச் செலவும் பாதீட்டை அழுத்தின. இதைச் சொல்லத் தயங்கத் தேவையில்லை.

ஆனால் லெபனானும் சாம்பியாவும் 2020இலும், கானா 2022 டிசம்பரிலும் ஏறக்குறைய இதே பொறியில்தான் விழுந்தன: டொலரில் கடன், குறைந்த வரி வருமானம், கையிருப்பு வற்றும் வரை பார்த்துக்கொண்டிருந்த ஆட்சி. பாவக்கணக்கு மனதுக்கு ஆறுதல் தரலாம். அடுத்த சரிவு எப்போது என்று அது சொல்லாது, உங்கள் சேமிப்பைக் காப்பாற்றவும் மாட்டாது.

வீழ்ச்சியில் முதலில் அடிபடுவது யார்?

சேமிப்பு இல்லாதவர், நாட்கூலிக்காரர், மண்ணெண்ணெயை நம்பியவர். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மானியத்தை நீக்கியதற்குக் கணக்கு ரீதியாகக் காரணம் இருந்தது. ஆனால் மன்னாரிலோ பருத்தித்துறையிலோ ஒரு தடவை கடலுக்குப் போக 20 லீற்றர் தேவைப்படும் படகுக்காரருக்கு 1,740 ரூபாச் செலவு 6,800 ரூபா ஆகிவிட்டது. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அது போன காசுதான். மலையகத்தில் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. டொலர் 360ஐத் தொட்டபோது அது மூன்று டொலருக்கும் குறைவு. கோதுமை மாவின் விலையோ டொலரோடு சேர்ந்து ஏறியது. ரொட்டியை நம்பிய லயத்துக்கு வேறு தெரிவு இருக்கவில்லை.

2022 மார்ச் 22 அன்று யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளிலிருந்து 16 பேர் படகில் தமிழ்நாட்டுக் கரையில் போய் இறங்கினார்கள், குழந்தைகளும் கூட. போர் முடிந்து பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு மீண்டும் அகதிகள், இந்தத் தடவை விலைவாசியால். தெற்கு தண்டிக்கப்படுகிறது என்று எண்ணும் எவரும் இந்தப் படகையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்த சரிவு வருமானால் முன்கூட்டியே எப்படித் தெரியும்?

தொலைக்காட்சி விவாதத்தில் தெரியாது. கீழ்க்கண்டவற்றை மாதம் ஒருமுறை பாருங்கள், அரை மணிநேரம் போதும்.

முதலாவது, மத்திய வங்கியின் உத்தியோகபூர்வ கையிருப்பு. ஒவ்வொரு மாத முற்பகுதியிலும் வெளியிடுவார்கள். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமா என்பதே வழக்கமான அளவுகோல். இலங்கைக்கு ஒரு மாத இறக்குமதி ஏறத்தாழ ஒன்றரை பில்லியன் டொலர் அல்லது சற்று மேல். 2019 இறுதியில் கையிருப்பு 7.6 பில்லியன். 2021 இறுதியில் 3.1 பில்லியன், ஆனால் அதில் ஏறத்தாழ 1.5 பில்லியன் சீனாவுடனான நாணயப் பரிமாற்ற ஒப்பந்தப் பணம். நிபந்தனை காரணமாகச் செலவழிக்க முடியாதது. ஆகவே உண்மையில் இருந்தது ஒரு மாதத்துக்குத்தான். தொகையைப் பார்க்காதீர்கள், அதில் பாவிக்கக்கூடியது எவ்வளவு என்று பாருங்கள். எங்கள் பார்வையில் பலர் தவறவிடுவது இந்த அடிக்குறிப்பைத்தான்.

இரண்டாவது, டொலருக்கு வங்கி தரும் வீதத்துக்கும் உண்டியல் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் வழி) வீதத்துக்கும் உள்ள இடைவெளி. ஐந்து ரூபாவுக்குள் இருந்தால் கவலையில்லை. இடைவெளி மாதக்கணக்கில் விரிந்துகொண்டே போனால் அரசு விலையைக் கட்டி வைத்திருக்கிறது என்று அர்த்தம். 2021 கடைசியில் வங்கி 203 கொடுக்க, உண்டியல் 240ஐத் தாண்டியது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட, அணை உடைந்தது.

மூன்றாவது, பண அச்சடிப்பு. அரசின் திறைசேரி உண்டியலை (இது அரசின் குறுங்காலக் கடன் பத்திரம், மேலே சொன்ன உண்டியல் வேறு) மத்திய வங்கியே வாங்கிக் குவிக்கிறதா? 2019 இறுதியில் அதன் கையில் இருந்த அரச கடன் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2022இல் ஒன்றரை ட்ரில்லியனைத் தாண்டியது. 2023இன் மத்திய வங்கிச் சட்டம் இதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தில் யாராவது கைவைக்கப் பார்த்தால், வேறெந்தச் செய்தியையும்விட அதற்குப் பயப்படுங்கள்.

நான்காவதுக்குப் புள்ளிவிபரம் தேவையில்லை. ஊர்க் கடையில் பால்மா வருகிறதா, மருந்துக்கடையில் நீங்கள் வழமையாக எடுக்கும் கம்பனிக் குளிசை இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதியாளருக்கு வங்கி கடன்கடிதம் (வெளிநாட்டு விற்பனையாளருக்குக் காசு தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி) திறக்கத் தாமதித்தால் இந்த இரண்டும்தான் முதலில் மறையும். பிறகு சமையல் எரிவாயு, பிறகு பெற்றோல்.

வங்கியில் போட்ட காசு பத்திரமா?

தொலைவதற்கும் கரைவதற்கும் வித்தியாசம் உண்டு. 2022, 2023இல் வங்கி வைப்புகள் தொலையவில்லை. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு 2023 ஜூன் கடைசியில் அறிவிக்கப்பட்டு, ஐந்து நாள் தொடர்விடுமுறை வந்தபோது பலர் நடுங்கினார்கள். முடிவில் பொதுமக்களின் வைப்பையும், தனியார் வாங்கியிருந்த திறைசேரி உண்டியலையும் தொடவில்லை.

கரைந்தது மட்டும் உண்மை. 2021 செப்டெம்பரில் ஒரு இலட்சம் ரூபாவை 6 வீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஒரு வருடத்தில் 106,000. அதே வருடத்தில் கொழும்பு விலைச்சுட்டி 69.8 வீதம் ஏறியது. அந்த 106,000இன் வாங்கும் சக்தி பழைய கணக்கில் ஏறத்தாழ 62,400 ரூபா. வங்கிப் புத்தகத்தில் கூடியதாகத் தெரிந்த காசு, சந்தையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

செய்யக்கூடியவை இவை. வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான். அதற்கு மேல் இருந்தால் இரண்டு மூன்று வங்கிகளில் பிரியுங்கள். மேலே சொன்ன அறிகுறிகள் தென்படும் காலத்தில் ஐந்து வருட நிலையான வைப்பில் பூட்டாதீர்கள்; மூன்று மாதம், ஆறு மாதம் என்று படிப்படியாகப் போட்டால், வட்டி ஏறும்போது புதிய வீதத்துக்கு மாறலாம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டி வீதத்தை 7 வீதப் புள்ளி உயர்த்தியபோது, நீண்ட தவணையில் மாட்டியவர்கள் உடைத்து எடுத்து வட்டியை இழந்தார்கள். இரண்டு வீதம் கூடத் தருகிறது என்று முன்பின் தெரியாத நிதிக் கம்பனிக்கு மட்டும் ஓடாதீர்கள். வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் வரி பிடிக்கப்படுகிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருந்தால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம்; ஓய்வூதியர் பலர் இதை அறியாமல் விடுகிறார்கள்.

ஊழியர் சேமலாப நிதி?

அதைத் தொட்டார்கள். நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள் நீண்ட தவணை முறிகளாக மாற்றப்பட்டன: ஆரம்பத்தில் 12 வீதம், பிறகு 9 வீதம். மறுத்திருந்தால் நிதியின் முறி வருமானத்துக்கான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகியிருக்கும். மீதித் தொகை குறையவில்லை, அதிக வட்டி கிடைத்திருக்கக்கூடிய காலத்தின் வருமானம் போனது. சுமையைச் சம்பளக்காரர் தலையில் வைத்தது அநியாயம் என்றே நினைக்கிறோம்.

கனடாவில் இருக்கிறேன். இந்த அரசுக்கு நான் ஏன் டொலர் கொடுக்க வேண்டும்? உண்டியலில் அனுப்பினால் என்ன?

இந்தக் கேள்விக்குள் இருக்கும் காயம் எங்களுக்குப் புரிகிறது. முதலில் வழியைப் பாருங்கள். ரொறன்ரோவில் நீங்கள் உண்டியல்காரரிடம் டொலரைக் கொடுக்கிறீர்கள், கிளிநொச்சியில் அவருடைய ஆள் உங்கள் அக்காவிடம் ரூபாவைக் கொடுக்கிறார். டொலர் நாட்டுக்குள் வரவே இல்லை. அது வெளியிலேயே இன்னொரு வியாபாரியின் கணக்கில் சேர்ந்து, பெரும்பாலும் விலை குறைத்துக் காட்டிய இறக்குமதிக்கோ, தங்கத்துக்கோ, சொத்தை வெளியே கொண்டுபோவதற்கோ பயன்படும். 2020இல் வங்கி வழியாக வந்தது 7.1 பில்லியன் டொலர். 2022இல் 3.8 பில்லியன். குறைந்த அந்தத் தொகையில் மருந்துக் கப்பலும் எரிவாயுக் கப்பலும் இருந்தன. அவை அரசுக்கு மட்டும் வரவிருந்தவை அல்ல.

அதே நேரம் பழியை அனுப்புபவர் மீது போடுவதும் சரியில்லை. வீட்டுக்கு அனுப்பும் ஒருவர் டொலருக்கு 40 ரூபா நட்டப்பட வேண்டும் என்று எந்த அரசும் எதிர்பார்க்க முடியாது. 203இல் கட்டி வைத்ததுதான் கோளாறு. ரூபாவை மிதக்கவிட்டு இடைவெளி மூடியதும் 2023இல் வங்கி வழியாக வந்தது கிட்டத்தட்ட 6 பில்லியனாகத் திரும்பியது. யாருடைய தேசப்பற்றும் ஒரு வருடத்தில் அப்படிக் கூடிவிடவில்லை.

ஆகவே இடைவெளி சிறிதாக இருக்கும் காலத்தில் வங்கிதான் நல்லது, உங்கள் நலனுக்காகவே. உண்டியல்காரர் ஏமாற்றினால் முறையிட இடமில்லை. காசு வந்ததற்கு அத்தாட்சி இல்லையென்றால் பிறகு காணி வாங்கும்போதும், பிள்ளையின் விசாவுக்குக் கணக்குக் காட்டும்போதும் சிக்கல். அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள்; பெறுபவர் கையில் எத்தனை ரூபா விழும் என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் "கட்டணம் இல்லை" என்று சொல்லி, வீதத்தில் மூன்று நான்கு ரூபா எடுத்துவிடும். பெறுபவரின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். தகப்பன் பெயரும் தன் பெயரும் இடம்மாறியதால் காசு நாட்கணக்கில் நிற்பது எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி நடப்பது.

பயத்தில் தங்கம் வாங்கலாமா?

இலங்கையில் பவுண் விலை உலக விலையையும் டொலர் விலையையும் சேர்த்து ஏறும். டொலர் 203இலிருந்து 360ஆனபோது, உலகில் தங்கம் அசையாவிட்டாலும் இங்கே 77 வீதம் கூடியிருக்கும். முன்னரே வைத்திருந்தவருக்கு அது கவசம். வரிசையில் நின்று உச்சத்தில் வாங்கியவர்கள், 2023இல் ரூபா 300 பக்கம் திரும்பி வந்தபோது நட்டப்பட்டார்கள். சேமிப்புக்கென்றால் தங்க நாணயமாக வாங்குங்கள். நகையில் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பாது.

அடகுதான் அதிகம் வீட்டை உடைப்பது. பவுண் விலை ஏறியதும் "மீட்டு, கூடுதல் தொகைக்குத் திருப்பி வைக்கலாம்" என்று வங்கியே சொல்லும். கூடுதலாக எடுத்த காசு செலவாகிவிடும், வட்டி பெரிய தொகைக்கு ஓடும், விலை இறங்கினால் தாலிக்கொடி ஏலத்துக்குப் போகும். தவணைத் திகதியைச் சுவர்க் கலண்டரில் எழுதுங்கள். முழுதாக மீட்க முடியாவிட்டால் வட்டியையாவது கட்டிப் புதுப்பியுங்கள்.

வீட்டில் என்ன சேர்த்து வைக்கலாம்?

பதுக்கல் வேண்டாம், ஒரு மாதத் தேவை போதும். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் எடுக்கும் மருந்து மட்டும் இரண்டு மாதத்துக்கு. வைத்தியரிடம் கம்பனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதி வாங்குங்கள், ஒன்று இல்லாவிட்டால் மற்றதைத் தேடலாம். வடக்கில் ஒடியலும் புழுக்கொடியலும் காயவைத்து வைத்த வீடுகள் 2022இல் அரிசி விலைக்கு அவ்வளவு ஆடவில்லை. அந்தக் கையறிவை அம்மம்மாமாரிடமிருந்து இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

இந்த நேரத்தில் ஊரில் காணி வாங்கலாமா?

இரட்டைக் குடியுரிமை இருந்தால் வாங்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் என்றால் 2014இன் காணிச் சட்டம் தடுக்கிறது. பரம்பரையாக வரும் சொத்துக்கு விலக்கு உண்டு. சொந்தக்காரர் பெயரில் எழுதி வைப்பது இரண்டு தலைமுறைச் சண்டைக்கு வழி.

போய்விடுவதா, இருப்பதா?

இதற்குப் பொதுப் பதில் கிடையாது. 2022இல் 9 இலட்சத்துக்கு மேல் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. போனவரைத் துரோகி என்றோ இருந்தவரை மடையர் என்றோ சொல்ல எவருக்கும் உரிமையில்லை. படகில் மட்டும் போகாதீர்கள். 2022 நவம்பரில் 300க்கும் மேற்பட்ட இலங்கையர் பழுதான கப்பலில் நடுக்கடலில் தத்தளித்து, மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். முகவர் என்று சொல்பவரின் உரிம இலக்கத்தையும், அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு அனுமதி உண்டா என்பதையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள், காசு கொடுக்க முன்னர்.

சிங்கள நண்பர்களோடு இதை எப்படிப் பேசுவது? 2022 போராட்டம் நடந்த காலிமுகத்திடலுக்கு எங்கள் ஆட்கள் பெரிதாகப் போகவில்லையே?

போகாததற்குக் காரணம் இருந்தது. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவைக் "கோட்டா போ" என்று 2022இல் கூப்பிட்டவர்களில் பலர் 2019இல் அவருக்கு வாக்களித்தவர்கள். 2009இல் அவர்தான் பாதுகாப்புச் செயலாளர். வடக்கில் இராணுவம் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கூட்டம் கூடுவதன் விலையும் வேறு. நண்பர் கேட்டால் மன்னிப்புத் தொனியில்லாமல் இதைச் சொல்லலாம்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவுகூரப்பட்டு, கஞ்சி கொடுக்கப்பட்டது; சிங்கள இளைஞர்களும் அதை வாங்கிக் குடித்தார்கள். அதே நாளில்தான் கடனுக்கான சலுகைக் காலமும் முடிந்தது. அதே நாளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டின் முதல் நிவாரணக் கப்பல் புறப்பட்டது. தமிழ்நாடு அறிவித்தது 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துகள். முதலில் தமிழருக்கென்று பேசப்பட்ட அந்த உதவி, இலங்கைத் தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டதால் நாட்டு மக்கள் எல்லோருக்குமாக மாறியது. கோபத்தை ஒரு இம்மியும் விடாமலே இப்படியும் நடக்க முடியும் என்பதற்கு எங்களிடம் இருக்கும் நல்ல சான்று இது.

இப்போது நாடு மீண்டுவிட்டதா?

நாட்டின் கணக்கு மீண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் 3 பில்லியன் டொலர் திட்டம் தொடங்கியது. 2024இல் பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்தது, அந்த டிசம்பரில் சர்வதேச முறிகள் மாற்றியமைக்கப்பட்டன. வெளிநாட்டுக் கடனைப் பெரிய அளவில் திருப்பிக் கட்டுவது 2028இலிருந்து; உண்மையான சோதனை அங்கேதான். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் மலையகத்தை உடைத்துப் போட்டதில் அந்தக் கணக்கும் இறுகிவிட்டது.

பணவீக்கம் 1.3 வீதமாக இறங்கியது என்று 2023 செப்டெம்பரில் சொன்னபோது பலர் விலை இறங்கியது என்று எண்ணினார்கள். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய கூடை, 2022 செப்டெம்பரில் 169.80, 2023 செப்டெம்பரில் 172. ஏறிய இடத்தில் நின்றது, அவ்வளவுதான். 2021இல் எடுத்த சம்பளத்தை 1.72ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகை உங்கள் கைக்கு வருகிறதென்றால் நீங்கள் பழைய இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். வராத வீடுகளில்தான் பிள்ளையின் ரியூசன் நின்றிருக்கிறது, மதியச் சாப்பாட்டில் மீன் குறைந்திருக்கிறது. உலக வங்கியின் கணிப்பில் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்பவர்கள் 2019இல் ஒன்பதில் ஒருவர். நெருக்கடிக்குப் பின் நாலில் ஒருவர்.